மங்கலான பட்டை

சர்க்கரை நோயோ பழைய ரத்தக் கொதிப்போ இல்லாதவர்களுக்கும், அதிலும் வயல் வேலை செய்பவர்களுக்கு, சிறுநீரகம் கெடுவதை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் 2020இல் 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பதிவு செய்தார்கள். புதுச்சேரியின் சேதராப்பட்டும் பாகூரும் இந்தத் தொண்டைமண்டல வட்டாரத்தில்தான் இருக்கின்றன. காரணம் தெரியாத நோய்க்கு இப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால், காரணம் தெரிந்த நோயும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மோனோகுளோனல் புரதத்தால் வரும் சிறுநீரகக் கேடு அப்படி ஒளியக்கூடியது.

எலும்பு மஜ்ஜையில் ஒரே வழிவந்த பிளாஸ்மா செல்கள் பெருகி ஒரே புரதத்தைச் சுரக்கும்போது, ரத்தப் புரதங்களை மின்சாரத்தால் பிரிக்கும் சீரம் எலக்ட்ரோஃபோரிசிஸில் 'எம் பேண்ட்' என்ற பட்டை தெரியும். இந்தச் சோதனை மலிவு. பட்டையை அளந்து, சிகிச்சை பலிக்கிறதா என்றும் சொல்லிவிடும். ஆனால் சிறிய பட்டை பீட்டா புரதங்களின் நிழலில் மறைந்துவிடுகிறது. அந்தப் புரதத்தின் சிறு துண்டான லைட் செயின் மட்டும் சுரந்தால் பட்டையே தெரியாமல் போகலாம். சிறுநீர் டிப்ஸ்டிக் சோதனையும் இங்கே கைகொடுக்காது. அது முக்கியமாக அல்புமினுக்கே நிறம் மாறும். லைட் செயின் ஏராளமாக வெளியேறினாலும் 'இல்லை' என்றே காட்டக்கூடும். 'உப்பு ஏறிப்போச்சு' என்று வரும் நோயாளியின் உண்மையான நோய் இப்படித்தான் நழுவுகிறது. லைட் செயின் உறுப்புகளில் படியும் ஏ.எல். அமிலாய்டோசிஸில் புரதம் பெரும்பாலும் துளியளவே இருக்கும். இதயமும் சிறுநீரகமும் அதற்குள் பழுதாகியிருக்கக்கூடும். அளவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எண்ணுவது பெரும்பிழை.

அதற்காக ஊர்தோறும் முகாம் போட்டுத் தேடச் சொல்லமாட்டேன். அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் ராபர்ட் கைல் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதைத் தாண்டியவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இப்புரதம் இருந்தது. அது மயலோமா போன்ற நோயாக முற்றுவது ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான். நலமாக இருக்கும் முதியவரிடம் இதைச் சொன்னால் மிஞ்சுவது பெரும்பாலும் பயமும் செலவும்.

ரத்தத்தில் லைட் செயினை நேரடியாக அளக்கும் ஃப்ரீ லைட் செயின் சோதனையிலும் இங்கே ஒரு பொறி உண்டு. லைட் செயினின் இரு வகைகளான கப்பா, லாம்ப்டா ஆகியவற்றின் விகிதம் வழக்கமாக 0.26 முதல் 1.65 வரை; சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு 3.1 வரைகூட இயல்பென்று கொள்வது வழக்கம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினைப் பார்க்காமல் 2.4 என்ற விகிதத்தை நோயென்று எழுதினால், இந்த வட்டாரத்தில் எத்தனை பேரை வீணாக அலைக்கழிப்போம்!

விளக்கமில்லாத சிறுநீரகக் கேடு, இதயத் தசைத் தடிப்பு, நரம்புச் சேதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளவர்களுக்கு எலக்ட்ரோஃபோரிசிஸ், புரதத்தின் வகையை உறுதிசெய்யும் இம்யூனோஃபிக்சேஷன், ஃப்ரீ லைட் செயின் மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். அமிலாய்டோசிஸ் சந்தேகம் இருந்தால் சிறுநீரிலும் இம்யூனோஃபிக்சேஷன் தேவை. மருத்துவர் சோதனைச் சீட்டில் கிரியாட்டினினையும் சந்தேகத்தையும் எழுதி அனுப்பட்டும்; ஆய்வகமும் 'பட்டை இல்லை' என்பதோடு, இச்சோதனை சிறிதளவு புரதத்தைத் தவறவிடலாம் என்று அச்சிடட்டும்.