கோப்ளினுக்குக் கண் திறப்பது

ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அளவுதான் கோப்ளின் என்ற அந்த உலோகக் குட்டிப் பூதம். உள்ளங்காலிலிருந்து கண்வரை 15 மில்லிமீட்டர். ஈட்டியும் கேடயமும் தெளிவாக இருக்கின்றன. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கடுகில் பாதிக்கு ஒரு குழி. அந்தக் குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி வைக்க ஒரு மாலை முழுக்கப் போராடினேன். மூன்று முறை வழிந்து, துடைத்து, நான்காவது முறை கண் திறந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே என்னை முறைத்தது. மேசை நடுவில் நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தேன். கண்ணைக் காணோம். முகத்தையே காணோம். பச்சையாக ஒரு பொட்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குச்சி.

மினியேச்சர் சேர்த்து, வண்ணம் தீட்டி, மேசைமேல் போர் ஆடுகிறவர்களிடையே ஓயாமல் நடக்கும் வழக்கு இது. கற்பனை உலகத்துச் சிறு மோதல்களுக்கு எந்த அளவுப் பொம்மை சரி? 28 மி.மீ. என்பது பெரும்பான்மைக் கட்சி. 15 அல்லது 18 மி.மீ. சிறுபான்மை. 1/72 அளவு மென்பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் கூச்சத்தோடு நிற்பவர்கள். மூன்றிலும் காசைக் கரைத்தவன் என்ற தகுதியில் தீர்ப்புச் சொல்ல முயல்கிறேன்.

பெரும்பான்மைக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். 1983இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர், பொம்மைகளைப் படைப்பிரிவுகளாக வரிசையில் நிறுத்தும் ஆட்டம். ஒரு படை தேறுவதற்குள் டஜன் டஜனாகத் தீட்ட வேண்டும். வார்ஹாமரை வெளியிட்ட கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1999இல் மார்ட்ஹைம் என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இடிந்த நகரம், அதில் கொள்ளையடிக்க வரும் சிறு கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு பேர். 2015இல் ஆஸ்ப்ரே பதிப்பகத்துக்காக ஜோசஃப் மெக்கல்லோ எழுதிய ஃப்ராஸ்ட்கிரேவ் இன்னும் சுருக்கம். ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், அதிகம் போனால் எட்டு அடியாட்கள். பனியில் உறைந்து கிடந்த ஃபெல்ஸ்டாட் நகரத்தில் புதையல் தேடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் வைக்கலாம். பட்ட காயம் அடுத்த ஆட்டத்துக்கும் தொடரலாம், செத்தவன் செத்தவன்தான். ஆள் பத்துதான் என்னும்போது ஒவ்வொருவனுக்கும் முகம் வேண்டாமா, தழும்பு வேண்டாமா, இடுப்பில் தொங்கும் சுருக்குப்பைக்குக்கூட ஒரு நிழல் வேண்டாமா என்று கேட்கிறார்கள். படைக்குச் சிறிய பொம்மை, கைகலப்புக்குப் பெரிய பொம்மை என்பது கேட்டதும் தலையாட்டத் தோன்றும் வாதம். பல ஆண்டுகள் நானும் ஆட்டினேன்.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மனிதனின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர். அதை 28 மில்லிமீட்டருக்குள் அடக்கினால் உலகம் 57 மடங்கு சுருங்குகிறது. 15 மில்லிமீட்டரில் 107 மடங்கு. ஆடும்போது மேசை நடுவிலுள்ள பொம்மை என் கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதாவது பெரிய பொம்மையை நான் 34 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன், சிறியதை 64 மீட்டரில். தெருமுனையில் வருகிறவரை நாம் எதைக் கொண்டு அடையாளம் காண்கிறோம்? நடையை வைத்து, தோளின் சாய்வை வைத்து, சட்டை நிறத்தை வைத்து. புருவத்தைப் பார்த்து அல்ல. 34 மீட்டரிலேயே முகபாவம் கரைந்துவிடுகிறது. பெரிய பொம்மைக்கு முகம் உண்டு என்பது கையில் எடுத்துப் பார்க்கும்வரைதான் உண்மை.

சிற்பிகளுக்கு இது தெரியாமல் இல்லை. கோபுரத்தின் மேல்நிலைச் சுதைப் பொம்மைகளுக்கு விழி பிதுங்கி நிற்பதும் இதனால்தான், கீழே நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும். 28 மி.மீ. பொம்மைகளில் தலையும் கையும் வாளும் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதை ‘ஹீரோயிக்’ பாணி என்கிறார்கள். தூரத்தை ஈடுகட்டும் தந்திரம் அது. அதோடு நின்றிருந்தால் குறை சொல்ல மாட்டேன். 1970களில் 25 மி.மீ. என்று விற்றது பின்னர் 28 ஆயிற்று, இப்போது 32 மி.மீ. என்று வெளிப்படையாகவே விற்கிறார்கள். இந்த வீக்கத்துக்கு ஆட்டத்தின் தேவை காரணமல்ல, புகைப்படம்தான் காரணம் என்பது என் துணிபு. பொம்மையை வாங்கும் முன் நாம் பார்ப்பது திரையில் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு பெருக்கிய படம். அந்தப் படத்தில் ஜெயிப்பது இமை முடி. 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் போன்ற வண்ணப் போட்டிகளிலும் நடுவர் அருகில் குனிந்துதான் பார்க்கிறார். அந்தக் கலைக்கு நான் எதிரியல்ல. ஆனால் அது சிற்றோவியம். அதன் அளவுகோலைக் கொண்டு ஆட்டக் காயை அளப்பது, நாடக மேடை ஒப்பனையைக் கண்ணாடி முன் நின்று குறை சொல்வது போல.

இடத்தின் கணக்கு இதைவிட மோசம். மூன்றடிச் சதுர மேசை 28 மி.மீ. உலகத்தில் 52 மீட்டர். ஒரு பெருநகரத்தின் இடிபாட்டில் புதையல் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தின் வளாகத்துக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிறோம். ஃப்ராஸ்ட்கிரேவில் வில்லின் எட்டம் 24 அங்குலம். மாற்றிப் பார்த்தால் 35 மீட்டர். எட்டாம் ஹென்றி காலத்து ஆங்கிலச் சட்டம் ஒன்று, 1541இல், 24 வயதைத் தாண்டியவர்கள் 220 கெஜத்துக்குக் குறைவான இலக்கில் அம்புப் பயிற்சி செய்யக் கூடாது என்றது. நம் மேசை வில்லாளியைப் பார்த்தால் அந்த மன்னர் சிரித்திருப்பார். அதே மேசை, அதே அங்குலம், பொம்மையை மட்டும் 15 மில்லிமீட்டராக மாற்றுங்கள். வளாகம் 98 மீட்டராகிறது, பரப்பில் மூன்றரை மடங்கு. சந்து சந்தாகிறது, கோபுரம் கோபுரமாகிறது, பதுங்குவதற்கு இடம் கிடைக்கிறது. இடம் தேவையில்லை என்றால் மேசையையே சுருக்கலாம். இத்தாலியரான அந்திரேயா ஸ்ஃபிலிகோய் 2007இல் வெளியிட்ட சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் இதைத் தெரிந்தே எழுதிய விதிநூல். அங்குலமே கிடையாது. குறுகியது, நடுத்தரம், நீளம் என்று மூன்று குச்சிகள். பொம்மையின் அளவுக்கு ஏற்பக் குச்சியை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒவ்வொரு பொம்மைக்கும் முக்கியமாக இரண்டே எண்கள். ஒரு பகடையா, இரண்டா, மூன்றா என்று நாமே தேர்ந்து உருட்டுகிறோம். இரண்டு தவறினால் முறை எதிராளிக்குப் போய்விடும். ஆசைப்பட்டுக் கெடும் அந்த நொடியில் பொம்மையின் மூக்கு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

வண்ணத்துக்கு வருவோம். சிறியது என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம், வேறு மாதிரி கஷ்டம். பெரிய பொம்மையின் அங்கியில் மடிப்பு தானே நிழல் தரும். 15 மில்லிமீட்டரில் மடிப்பு மயிரிழை ஆழம்தான், வெளிச்சம் அதைக் கண்டுகொள்ளாது. நிழலையும் ஒளியையும் நாமே பொய்யாக, மிகையாகத் தீட்ட வேண்டும். கறுப்பு ப்ரைமர் அடித்தால் எல்லாம் கரித்துண்டு, வெள்ளையோ வெளிர் சாம்பலோ அடிக்க வேண்டும். பெரிய பொம்மையில் அழகாக இருக்கும் விளிம்புக்கோடு இங்கே அங்கியையே விழுங்கிவிடும். ஆனால் சிட்டாடல் என்ற வண்ண வரிசையில் 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்கள் சிறிய பொம்மைக்கென்றே செய்ததுபோல் வேலை செய்கின்றன. மெல்லிய சாயம் குழியில் தேங்குகிறது, மேட்டில் வெளிறுகிறது. 28 மி.மீ. அங்கியின் சமதளத்தில் அது காப்பிக் கறைபோல் திட்டுத்திட்டாகக் காயும். சிறியதில் திட்டு விழ இடமே இல்லை. வெள்ளைமேல் ஒரு பூச்சு, மேடுகளில் உலர்தூரிகையால் ஒரு தடவல், அடித்தட்டில் மணல். பத்துப் பேர் கொண்ட கூட்டம் இரண்டு மாலையில் முடிந்துவிடும்.

சிறிய பொம்மையின் குறைகளை மறைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. முதல் குறை, மாற்ற முடியாமை. ஃப்ராஸ்ட்கிரேவின் பிளாஸ்டிக் பெட்டியில் தலை வேறு, கை வேறு, வில் வேறு, கோடாலி வேறு. போன ஆட்டத்தில் மந்திர வாள் கிடைத்தவனுக்கு உடனே அதைக் கையில் கொடுக்கலாம். சிறிய உலோகப் பொம்மை பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ரப்பர் அச்சைச் சுழற்றி, நடுவில் உருக்கிய வெள்ளீயக் கலவையை ஊற்றினால் அப்படியே முழுதாக வந்து விழுவது. ஈட்டியோடு பிறந்தவன் ஈட்டியோடே சாவான். ஆள் வளரும் கதையே சுவை என்று சொல்லும் ஆட்டத்தில் இது உண்மையான இழப்பு, என்னிடம் பதில் இல்லை.

ரெசின் அச்சுப்பொறி இதைத் தீர்க்கும் என்கிறார்கள். 28 மி.மீ. பொம்மையின் கணினிக் கோப்பைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டேன். வாள் தலைமுடியாயிற்று, தொட்டதும் ஒடிந்தது. சிறிய பொம்மையைச் சிறியதாகவே செதுக்க வேண்டும். எதை விடுவது, எதைத் தடிப்பாக்குவது என்பது சிற்பியின் கைக்குத் தெரியும், கணினியின் சதவீதத்துக்குத் தெரியாது. மார்க் கோப்பிள்ஸ்டோன் செதுக்கிய சிறிய காட்டுமிராண்டிகள் அத்தனை உயிரோடு இருப்பது அதனால்தான்.

1/72 பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விலை குறைவு, உருவங்கள் நிறைய. ஆனால் ஒரு பெட்டி ஓர்க்குகளை ஆசையாகத் தீட்டி, தகரடப்பாவில் போட்டு நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். திறந்தபோது ஈட்டிகளின் வண்ணம் முழுக்க டப்பாவின் அடியில் உதிர்ந்து கிடந்தது. மென்பிளாஸ்டிக் வளையும், வண்ணம் வளையாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைப் பசையை மெல்லிய தோலாகப் பூசிய பிறகே தீட்ட வேண்டும். இத்தனையும் செய்தாலும் ஈட்டி ஈட்டியாக நிற்காது.

சேகரிப்பில்தான் சிறிய அளவின் பெரிய பாவம் இருக்கிறது. தீட்டாமல் குவிந்து கிடக்கும் பொம்மைகளை இந்தப் பொழுதுபோக்கில் ஈயமலை என்பார்கள். பத்தே பொம்மை போதும் என்று வந்த ஆட்டங்கள் அந்த மலையைக் கரைக்கும் என்று நம்பினோம். நடந்தது தலைகீழ். ஒரு கூட்டத்துக்குப் பத்து போதும் என்றதும் பத்துக் கூட்டம் வாங்கினோம். 15 மி.மீ. பொட்டலம் விலை குறைவு என்பதால் இருபது கூட்டம். என் அலமாரியில் எலும்புக்கூடுகள், குள்ளர்கள், தவளை மனிதர்கள் எல்லாம் பொட்டலம் பிரியாமல் இருக்கிறார்கள். பெரிய பொம்மையின் விலையாவது கையைக் கொஞ்சம் பிடித்து இழுத்தது.

இத்தனையையும் தட்டில் வைத்த பிறகும் முள் சிறிய பக்கமே சாய்கிறது. ஆடுவதற்கு என்றால் 15, 18 மி.மீ. பொம்மைதான் கைகலப்பு ஆட்டத்தின் சரியான அளவு. ஆள் குறைவு என்பதால் பெரிய பொம்மை வேண்டும் என்ற வாதம் தலைகீழானது. ஆள் குறையக் குறைய ஆட்டம் நிலத்தின்மேல் சாய்கிறது. பத்துப் பேர் இருந்தால் அவர்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் ஆட்டம். அந்த வெற்றிடத்தைத் தருவது சிறிய பொம்மை. தீட்டுவதே இன்பம், ஆடுவது ஆண்டுக்கு இருமுறை என்கிறவர் 28 அல்ல, 54 மி.மீ. வாங்கட்டும், அங்கே கண் திறக்க இடம் இருக்கிறது. பெயர் வேண்டும், முகம் வேண்டும் என்பவர்களுக்கு: பெயர் முகத்தில் ஒட்டுவதில்லை, நிறத்தில் ஒட்டுகிறது. ஒருவனுக்கு மஞ்சள் அங்கி, ஒருவனுக்கு ஒடிந்த கொம்பு, இன்னொருவன் மட்டும் மண்டியிட்டிருப்பான், அது போதும்.

முறைத்துப் பார்த்த அந்தக் கோப்ளின் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது சுற்றிலேயே விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் பகடையைப் பார்த்துவிட்டு, “சிவப்புக் கேடயக்காரன் காலி, எடுத்துடுங்க” என்றார். எடுத்து வைத்தேன். இன்னும் ஒன்பது கோப்ளின்கள் பாக்கி. கேடயங்களுக்கு ஆளுக்கொரு நிறம் கொடுத்தாயிற்று. கண் இருக்குமிடத்தில் பழுப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.