வெள்ளிகளின் லாஸ்லோ செஹ்

மெட்லி நீச்சலில் ஒரு வித்தைக்காரர் போதாது, நான்கு பேர் வேண்டும், ஒரே உடம்பில். பட்டாம்பூச்சி, மல்லாந்து, மார்பு நீச்சல், ஃப்ரீஸ்டைல். மார்பு நீச்சலுக்கு மாறும்போது கால் உதைக்கும் விதமே வேறு. பலர் பின்தங்குவது அங்கேதான்.

அந்த நால்வரையும் ஒரே உடம்பில் வைத்திருந்த ஹங்கேரியின் லாஸ்லோ செஹ் ஆஸ்துமாக்காரர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் மெட்லியை 4 நிமிடம் 6.16 விநாடியில் முடித்தார். ஐரோப்பியச் சாதனை! என்ன செய்ய, முன்னால் அமெரிக்காவின் மைக்கேல் ஃபெல்ப்ஸ். அந்த ஒலிம்பிக்கில் செஹ் வெள்ளி வாங்கிய மூன்று போட்டிகளிலும் தங்கம் ஃபெல்ப்ஸுக்கே. எனக்கென்னவோ, ஃபெல்ப்ஸை விட செஹ்தான் பார்க்கச் சுவாரசியம்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சியில் செஹ், ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் லெ குளோஸ் மூவரும் 51.14 விநாடியில் சுவரைத் தொட்டார்கள். மூவருக்கும் வெள்ளி, தங்கம் சிங்கப்பூரின் ஸ்கூலிங்குக்கு. அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 35 வயதிலும், 200 மீட்டர் மெட்லி இறுதிச்சுற்றில் நீந்திவிட்டுத்தான் கரையேறினார்.