இரு கரையில் இறங்கும் கார்கள்

பூவத்தில் நுழைந்து வாஞ்சூரில் வெளியேறும் வரை காரைக்கால் சாலை ஆறுகளைத் தாண்டிக்கொண்டே போகிறது. நண்டலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராயனாறு என்று காவிரியின் கடைசிக் கிளைகளெல்லாம் கடலைத் தேடி ஓடும் நிலம் இது. பாலங்கள் ஆழமான அடித்தளத்தில் அசையாமல் நிற்கும். அவற்றுக்கு ஏறும் சாலையோ வண்டல் மண்ணில் கொட்டிய மேடு. வருடா வருடம் கொஞ்சம் அமிழும். ஆகவே பாலத்தின் வாயில் ஒரு படி உண்டாகிவிடும். சாதாரண காரில் போகிறவருக்கு அது ஒரு 'தட்', அவ்வளவுதான். குட்டை ஸ்பிரிங் போட்டுக் காரை 40 மி.மீ. இறக்கி ஓட்டுகிறவருக்கு முதுகெலும்பில் விழும் அடி.

எதிர்க்கரையில் இலங்கையின் காங்கேசன்துறை. 2023இல் காரைக்காலிலிருந்துதான் அங்கே கப்பல் என்று முதலில் பேச்சு இருந்தது. கடைசியில் அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்டது. ஆட்களை மட்டும் ஏற்றும் கப்பல். காரையும் ஏற்றுவதாக இருந்தால் இரு கரைக் கார் பிரியர்களும் ஒருவர் வண்டிக்கு அடியில் இன்னொருவர் குனிந்து பார்த்திருப்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியும். நம் பக்கம் ஸ்பிரிங் புதிது, ஷாக் அப்சார்பர் பழையது. அந்தப் பக்கம் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மாறியிருக்கும், இரண்டும் ஏற்கெனவே ஜப்பானில் ஓடியவையாகவும் இருக்கும்.

இதற்கு ரசனை காரணமல்ல, இறக்குமதி விதிதான் காரணம். இந்தியாவுக்குள் பழைய பொருள்களை, இயந்திரச் சாதனங்கள் தவிர, உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. எனவே ஆசைப்படுகிறவர் புதிதாக வாங்க வேண்டும். சுங்கமும் சேர்ந்த விலையைப் பார்த்ததும் பட்ஜெட் ஸ்பிரிங்கோடு நின்றுவிடும். ஷாக்கை 'அடுத்த போனஸில்' பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார். இலங்கையின் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடிய ரீகண்டிஷன் வண்டிகள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் அவற்றின் பழைய பாகங்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். ஷாக், ஸ்பிரிங், மேல் மவுண்ட், பம்ப் ஸ்டாப் ரப்பர் எல்லாம் கோத்த முழு ஸ்ட்ரட்டாகவே அங்கே கைக்கு வரும். ஜப்பானில் யாரோ ஒருவர் பொருத்தம் பார்த்து மாட்டியதை அப்படியே கழற்றி இலங்கையில் மாட்டுகிறார்கள்.

அந்த ஜப்பான்காரருக்கும் வேறு வழியில்லை. அங்கே புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கட்டாயச் சோதனை. தரையிலிருந்து காரின் அடிப்பகுதி குறைந்தது 9 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடக்கூடாது. குட்டை ஸ்பிரிங்கை நெட்டை ஷாக்கில் மாட்டினால் அப்படித்தான் ஆடும். டெயின், தனாபே என்று அங்கே பெயர் வாங்கிய கம்பெனிகள் இந்தச் சோதனையை மனத்தில் வைத்தே பொருள் செய்கின்றன. ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் கதையும் இதுவே. அங்கே டூஃப் சோதனை அமைப்பின் சான்று வேண்டும். இந்தியாவிலோ தனியார் காருக்குத் தகுதிச் சோதனை 15 ஆண்டு கழித்துத்தான். இலங்கையில் வருடந்தோறும் புகைச் சோதனை உண்டு, ஆனால் ஸ்பிரிங்கை யாரும் பார்ப்பதில்லை. சோதனைக்காகப் பிறந்த பொருளைச் சோதனை இல்லாத ஊர்களில் மாட்டிக்கொள்கிறோம்.

இன்னொரு வித்தியாசத்தை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. கொழும்பில் ஓடும் ஹோண்டா சிவிக் இ.கே.3 ஜப்பானில் ஓடிய அதே வண்டி. சேஸிஸ் குறியீட்டைச் சொன்னால் ஜப்பான் கேட்டலாக்கில் உள்ள எண் அப்படியே பொருந்தும். இந்தியாவில் விற்ற போலோ ஐரோப்பியப் போலோ அல்ல. நம் சாலைகளுக்காக நெட்டை ஸ்பிரிங்கும் வேறு ஷாக்கும் போட்டு உயர்த்திய வண்டி. ஐரோப்பிய ஸ்பிரிங் பெட்டியில் '30 மி.மீ.' என்று அச்சிட்டிருப்பது ஐரோப்பிய உயரத்திலிருந்து 30. இங்கே அது 40, 45 ஆகிவிடும். வாங்கியவர் கடைக்காரரைத் திட்டுவார். பாவம், பெட்டியில் இருப்பது பொய்யல்ல.

சரி, ஷாக்கை ஏன் சேர்த்து மாற்ற வேண்டும்? கணக்கு சின்னதுதான். நின்ற நிலையிலிருந்து சக்கரம் மேலே போக 80 மி.மீ. இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காரை 40 இறக்கினால் மீதி 40. அதே அடியைப் பாதித் தூரத்தில் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் 20, 30 சதவீதம் கூடுதல். மிச்ச அடியைப் பம்ப் ஸ்டாப் வாங்குகிறது. அது நைந்து போனால் ஷாக்கின் உள்வால்வு வாங்குகிறது. ஸ்பிரிங் 20 சதவீதம் விறைத்தால் ஷாக்கின் தணிப்பும் சுமார் 10 சதவீதம் கூட வேண்டும். கம்பெனி ஷாக்கில் அது இல்லை, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஷாக்கில் நிச்சயமாக இல்லை. அதனால்தான் 'ஸ்டிஃபாக' இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் கார் வளைவில் மேடு கண்டால் குதிக்கிறது. பில்ஸ்டைன் கம்பெனி பி6, பி8 என்று இரண்டு ஷாக் விற்பதன் காரணமும் இதில் அடக்கம். பி6 கம்பெனி உயரத்துக்கு. பி8 உடல் குட்டை, இறக்கிய ஸ்பிரிங்குக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, விலை குறைவாக இருந்தது என்று பி6 வாங்கி இறக்கிய காரில் மாட்டுவது காசைக் கடலில் போடுவதுதான்.

இலங்கைக்காரர்கள் ஷாக்கைப் பெரிதாக மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். அங்கே கூட்டம் கூடும் பந்தயங்களில் முக்கியமானவை மண் தடத்தில் நடப்பவை: தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில், சாலியபுர கஜபா. புழுதியில் குதித்து விழும் காரைப் பார்த்து வளர்ந்தவனுக்கு உயரம் முக்கியமில்லை, விழுந்த பின் கார் எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். நமக்கு முன்பு சோழவரம் விமான ஓடுதளம், இப்போது இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி: எல்லாம் கெட்டித் தளமிட்ட தடம். தரையோடு ஒட்டிய கார்தான் கண்ணில் நிற்கிறது. நம் பக்கமும் ராலி உண்டு; அதைப் பார்க்கக் காட்டுக்குள் போகிறவர் குறைவு.

வேகத்தடைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள மெல்லிய வளைவு. இரண்டரை மீட்டர் வீல்பேஸ் கொண்ட கார் அதில் ஏறினால் நடு வயிற்றுக்குக் கீழே சுமார் 46 மி.மீ. மட்டுமே குறையும். விதிப்படி கட்டினால் இறக்கிய காரும் உரசாமல் போகும். தெருமுனையில் இரவோடு இரவாகத் தார் கொட்டி எழுப்பிய தடையோ அதே உயரத்தை ஓரடி அகலத்தில் எட்டுகிறது. முழு 100 மி.மீ.யும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் போருக்குப் பிறகு போட்ட காப்பெட் வீதிகளில் இந்தத் தொல்லை குறைவு. கொழும்பிலிருந்து தெற்கே போகும் அதிவேகப் பாதையில் 100 கி.மீ. வேகத்தில் இறக்கிய கார் நிம்மதியாகவே ஓடும்.

காரைக்கால்காரர் கேட்டால் நான் சொல்வது: முதலில் நல்ல ஷாக்கை மட்டும், கம்பெனி ஸ்பிரிங்கோடு மாட்டுங்கள். பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும். அடங்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் 20, 25 மி.மீ. போதும், அப்போது குட்டை உடல் ஷாக்காகவே முதலிலிருந்து வாங்கத் திட்டமிட வேண்டும். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றிவிட்டுக் குடும்பத்தோடு திருநள்ளாறு வரை போய் வாருங்கள். டை எங்கே நகர்ந்து நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பைத் தொட்டிருந்தால் அந்த ஸ்பிரிங் உங்கள் வீட்டு எடைக்கு ஆகாது. மாட்டும் மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லுங்கள்: கீழ் ஆர்ம் போல்ட்டைக் கார் சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள் ஓரமே சொல்லிவிடும். கடற்கரை உப்புக் காற்றில் தண்டின் பளபளப்பு புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து ஆயில் சீலை அறுக்கும். தூசி உறையை மறக்கக்கூடாது. பஞ்சிகாவத்தைப் பழைய ஷாக்குக்கும் இதே நோய்தான். வாங்குமுன் தண்டை விரலால் தடவிப் பார்க்கிறவன் ஏமாறுவதில்லை.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கும் வேலை இரு கரையிலும் நடக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சட்டம் நம் பக்கம் கடுமை. கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. காரைக்காலின் பி.ஒய்.02 எண் காருக்கும் இதில் விலக்கில்லை. இலங்கையிலும் 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ், முச்சக்கர வண்டிகளின் கூடுதல் அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கினார்கள். ஆகவே கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கை எடைக்குப் போடாமல், எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரணில் வையுங்கள். தகுதிச் சான்று நாளிலும் காரை விற்கிற நாளிலும் வேலைக்கு ஆகும்.