வெட்டுவான் கோயில்: மேலிருந்து இறங்கிய உளி

கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், அந்நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கரிசல் காட்டின் நடுவே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் கழுகுமலை, பாண்டியர் சிற்பக் கலையின் உச்சமான படைப்பைத் தன் சரிவில் வைத்திருக்கிறது. பழங்கல்வெட்டுகளில் அரைமலை எனப்படும் இக்குன்றில் 8ஆம் நூற்றாண்டில் குடைந்தெடுக்கப்பட்ட அப்படைப்பே வெட்டுவான் கோயில்.

மாமல்லபுரத்து இரதங்கள் தரைமேல் நின்றிருந்த பாறைகளைச் செதுக்கி ஆக்கப்பட்டவை. இங்கோ, எல்லோராவின் கைலாசநாதர் கோயிலில் போலவே, மலைச்சரிவில் அகழி போல ஏழு மீட்டருக்கு மேல் ஆழமாக வெட்டி, நடுவே விடப்பட்ட கல்லையே கோயிலாக்கியிருக்கிறார்கள். கல்லை அடுக்கிக் கட்டும் கோயிலில் அடித்தளமான அதிட்டானம் முதலிலும் முடியாகிய சிகரம் கடைசியிலும் வர, இங்கே சிகரமே முதலில் பிறந்ததால், இன்னும் வெட்டப்படாத அடிப்பகுதியின் அளவு முழுவதும் முதல் உளி விழும் முன்பே சிற்பியின் மனத்தில் தீர்மானமாகியிருக்க வேண்டும். பிழைபட்ட கல்லை எடுத்துவிட்டு மாற்றுக் கல் வைக்க இம்முறையில் வழியே இல்லை.

எண்பட்டைச் சிகரமும், அதைத் தாங்கும் கழுத்துப் பகுதியான கிரீவமும், கிரீவத்தின் மூலைகளில் படுத்திருக்கும் நந்திகளும், கூரை விளிம்பாகிய கபோதத்தின் கீழ் ஆடியும் கூத்தடித்தும் வரிசையாக நிற்கும் பூதகணங்களும் நுணுக்கத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கிழக்கே உமையோடு அமர்ந்த சிவனும் மேற்கே திருமாலும் வடக்கே பிரமனும் இடம்பெற, தெற்கே வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தியே காண்பவரை நெடுநேரம் நிறுத்திவைப்பவர். ஆலின் கீழ் மௌனமாக உபதேசிக்கும் குருவாகவே தமிழர் கண்டு பழகிய அத்தெய்வம் இங்கே மிருதங்கம் வாசிக்கிறது. இது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத கோலம். கருங்கல்லில் தாளத்தின் அசைவைக் காட்ட முயன்ற சிற்பியின் துணிவு பெரிது. அதைச் சிறிதும் ஆரவாரமின்றிச் செய்து முடித்த அடக்கம் அதனினும் பெரிது.

மேலே இவ்வளவு நிறைவு கொண்ட கோயில், கீழே வர வர வெறும் பாறையாகிவிடுகிறது. தந்தையும் மகனும் போட்டியிட்டு வேலை செய்ததாகவும், மகனைத் தந்தையே கொன்றதால் பணி நின்றதாகவும் ஊரில் கதை வழங்குகிறது. இத்தகைய கதை இல்லாத அரைகுறைக் கோயில் தமிழகத்தில் அரிது. ரசிகனுக்கு அக்கதையைவிட, உருவம் எங்கே முடிந்து கல் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அந்த எல்லையே மதிப்புடையது. வேலை முற்றிலும் முடிந்திருந்தால் இறங்குமுறையின் தடயம் இவ்வளவு தெளிவாகக் கண்ணில் பட்டிருக்காது. கருவறையில் இன்று இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தவர்.

அதே மலையின் மறுபக்கத்தில், பாறை முகத்தில் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே, தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில், இன்னார் செய்வித்த திருமேனி என்ற குறிப்புகள் உள்ளன. முனிவர்களோடு குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும், தச்சர், குயவர் போன்ற தொழிலாளரும் அவற்றில் பெயர் பெற்றிருக்கிறார்கள். கொடி படர நிற்கும் பாகுபலியும், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் காட்சி தரும் இயக்கி அம்பிகையும் அவ்வரிசையில் தனித்துப் பார்க்கத் தக்கவர்கள். மலையின் இப்பக்கத்தில் குயவனின் பெயர்கூடக் கல்லில் நிற்க, மிருதங்கத் தட்சிணாமூர்த்தியைச் செதுக்கியவரின் பெயர் எங்கும் இல்லை.

அங்கே செல்பவர்கள் நேரே பள்ளத்துக்குள் இறங்கிவிடாமல், முதலில் பாறையின் மேல் விளிம்பில் சற்று நின்று, சிகரத்தை அதன் உயரத்திலேயே பார்ப்பது நல்லது. சிற்பிகள் வேலையைத் தொடங்கிய இடம் அதுதான்.