கவட்டை வலியும் ஆண் உடம்பு என்ற அளவுகோலும்

ஓங்கி உதைக்கும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று பிடிக்கும் வலிக்கு மருத்துவ ஆய்வுகளில் ஒரு காலத்தில் 33 பெயர்கள் புழங்கின. பிரபலமான ஒன்று ‘ஸ்போர்ட்ஸ்மேன்ஸ் ஹெர்னியா’. குடலிறக்கமே இல்லாத வலிக்கு ஹெர்னியா என்று பெயர். அவதிப்படுபவர் ஆண் என்பதும் அந்தப் பெயரிலேயே முடிவாகிவிட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் தோஹாவில் 14 நாடுகளின் 24 வல்லுநர்கள் கூடினார்கள். எங்கே தொட்டால் வலிக்கிறது, எந்தத் தசை எதிர்த்துத் தள்ளும்போது வலிக்கிறது என்று பார்த்து நான்கு வகை வகுத்தார்கள்: உள்தொடைத் தசை, இடுப்பை மடக்கும் தசை, கவட்டைக் கால்வாய், முன்னிடுப்பு எலும்புப் பொருத்து. ஸ்கேன் வசதி இல்லாத ஊரிலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் விரல்களைக் கொண்டே சோதித்துவிடலாம். இது பெரிய கொடை. இதைக் கைவிடச் சொல்பவன் அல்ல நான்.

ஆனால் இதற்கு அடித்தளமான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஆண்களைப் பற்றியவை. பயிற்சியே மருந்து என்று நிறுவிய 1999-ஆம் ஆண்டு டென்மார்க் ஆய்வில் பங்கேற்ற 68 பேரும் ஆண்கள். பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியின்றி ஆட்டத்துக்குத் திரும்பினார்கள்; லேசர், மசாஜ் பெற்றவர்களில் 4 பேர்தான். தோழர் ஒருவர் மேல்காலைத் தாங்கிப் பிடிக்க, பக்கவாட்டில் இடுப்பைத் தூக்கி நிறுத்தும் கோபன்ஹேகன் பயிற்சி, கவட்டைத் தொல்லையை 41 சதவீதம் குறைத்தது என்று 2019-இல் காட்டிய நார்வே ஆய்வும் ஆண் கால்பந்து வீரர்களிடம் நடந்ததே.

உடலமைப்போ ஒன்றல்ல. ஆணின் கவட்டைக் கால்வாய் வழியே விந்துநாண் இறங்குகிறது. அதனால் அது அகலம், பலவீனமும் அங்கேதான். பெண்ணுக்கு அவ்வழியே போவது கருப்பையைப் பிடித்திருக்கும் மெல்லிய நார். ஆணுக்கு விதைப்பையின் வழியே விரல் செலுத்திக் கால்வாயைத் தொட்டுப் பார்க்கலாம்; பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. ஒரே சோதனை, இருவரிடமும் ஒரே அளவு சொல்வதில்லை. கால்பந்தில் கவட்டைக் காயம் ஆண்களுக்கே அதிகம் என்பது உண்மை. அதற்காகப் பெண்களின் வலியை அலட்சியப்படுத்தலாமா? ‘இடுப்பு அகலம், அதனால்தான்’ என்று எல்லாவற்றையும் எலும்பின் மேல் போடுவதும் அதே அலட்சியம்தான்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. போதிய உணவின்றி ஓடும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்று, எலும்பு மெலிந்து, தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் விழலாம். அந்த வலியும் கவட்டையில்தான் தெரியும். ஆரம்ப எக்ஸ்-ரேயில் அது தென்படாமலே போகலாம். ‘தசைப்பிடிப்பு’ என்று தொடர்ந்து ஓடவிட்டால் எலும்பு விலகி, அறுவை சிகிச்சை வரை போய்விடும். கருப்பையின் உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயின் வலியும் இப்படிக் கவட்டைக்கு இறங்கலாம். தோஹா பட்டியல் இவற்றை ‘பிற காரணங்கள்’ என்று கடைசியில் வைத்திருக்கிறது. பெண்களைப் பொறுத்தவரை இவை முன்வரிசைக்கு வரவேண்டியவை.

நம் மைதானங்களில் ஆண் பயிற்சியாளரிடம் ‘கவட்டையில் வலி’ என்று சொல்லக் கூசி, ‘வயிற்று வலி சார்’ என்று ஒதுங்கும் பெண் பிள்ளைகள் உண்டு. பயிற்சியாளர்களே, அப்படி ஒதுங்கும் பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பும் முன், கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது, சரியாகச் சாப்பிடுகிறாளா என்று ஒரு பெண் பிசியோவையோ மருத்துவரையோ கேட்க வையுங்கள்.