நடத்தைக்குப் பூஜ்யம்: ஒரு சிறிய படத்தை ரசிக்கும் முறை

பள்ளிப் பிள்ளைகளின் விஷமங்களைப் பொருளாகக் கொண்ட வேடிக்கைப் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, பெரியவர்கள் தங்கள் பெரியதனம் அணுவளவும் குலையாமல், தூரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே எடுக்கப்பட்டவை. 1933-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் ழான் விகோ என்னும் இளைஞர் எடுத்த ‘ஸேரோ த கோந்த்விட்’ என்ற படத்தை அந்தத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதன் ரசம் கிட்டாது. ‘நடத்தைக்குப் பூஜ்யம்’ என்று பொருள்படும் தலைப்பைத் தாங்கி, 44 நிமிஷங்களே ஓடும் இந்தச் சிறிய படம், குற்றம் செய்த பையனின் உயரத்திலிருந்து, அவன் கண் எதை எப்படி அளக்குமோ அந்த அளவையிலேயே உலகத்தைக் காட்டுகிறது. பார்ப்பவரும் தம் வயதைச் சற்று இறக்கி வைத்துவிட்டு அந்த அளவைக்கு உடன்படுவாரானால், குறைகள் என்று முதலில் தோன்றுபவை ஒவ்வொன்றாக அழகுகளாக மாறுவதை அனுபவிக்கலாம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

கதையை இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிடலாம். விடுமுறை முடிந்து விடுதிப் பள்ளிக்குத் திரும்பும் பையன்கள், எதற்கெடுத்தாலும் நடத்தைக்குப் பூஜ்யமும் ஞாயிற்றுக்கிழமைச் சிறையும் விதிக்கும் மேற்பார்வையாளர்களின் ஆட்சியைச் சகித்துச் சகித்து, கோஸா, ப்ருயெல், கொலேன், தபார் என்ற நால்வரின் தலைமையில் ஓர் இரவு கலகம் செய்கிறார்கள். மறுநாள் பள்ளியின் ஆண்டு வைபவத்துக்குப் பிரமுகர்கள் வந்து அமர்ந்திருக்கும்போது அந்த நால்வரும் கூரைமேல் ஏறி நின்று பழைய செருப்புகளையும் புத்தகங்களையும் அவர்கள்மேல் வீசுகிறார்கள். இதற்குமேல் கதை என்று தேடிப் போகிறவர் ஏமாற்றமடைவார். அந்தத் தேட்டத்தை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது.

ஆரம்பத்தில் வரும் ரயில் காட்சியை மிகுந்த சாவதானத்துடன் பார்க்க வேண்டும், ஏனெனில் படம் முழுவதையும் பார்க்கும் முறை அந்தச் சில நிமிஷங்களிலேயே கற்பிக்கப்பட்டுவிடுகிறது. இரவு நேரம், பெட்டியின் ஒரு மூலையில் யாரோ ஒரு மனிதர் தூங்குகிறார், எதிரே கோஸா தனியாக, அலுப்புடன் உட்கார்ந்திருக்கிறான். வழியில் ஒரு நிலையத்தில் ப்ருயெல் ஏறுகிறான். விடுமுறையில் என்ன செய்தாய், எங்கே போனாய் என்று இருவரும் நீண்ட வசனம் பேசிக்கொள்வதில்லை. தாங்கள் சேர்த்துக்கொண்டு வந்த செல்வங்களை ஒருவனுக்கொருவன் எடுத்துக் காட்டுகிறார்கள். விரல் அறுந்து போனதுபோல் காட்டும் கைவித்தை, மூக்கினால் ஊதும் குழல், ஊதிப் பெருக்கிய பலூன்கள், உடம்பில் செருகிக்கொள்ளும் இறகுகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்து, கடைசியில் இருவரும் ஆளுக்கொரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு மந்திரிகளைப்போல் சாய்ந்து உட்காருகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே எஞ்சினின் புகை, உள்ளே சுருட்டின் புகை. பெட்டி பூமியில் ஓடுகிறதா, மேகத்தில் மிதக்கிறதா என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடுகிறது. வண்டி குலுங்கி நிற்கும்போது தூங்கிய மனிதர் இருக்கையிலிருந்து சரிந்து விழுகிறார். அவர் செத்துப்போய்விட்டார் என்று பையன்கள் முடிவு கட்டி அலறிக்கொண்டு இறங்கி ஓட, அது புகை பிடிக்கக் கூடாத பெட்டி என்ற பலகை அப்போதுதான் நம் கண்ணில் படுகிறது.

இந்தக் காட்சியில் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்று கவனிக்க வேண்டுகிறேன். சாதாரண விகடப் படத்தில் அந்தப் பலகையை முதலிலேயே காட்டி, விதி மீறப்படுவதை நாம் எதிர்பார்த்துச் சிரிக்கும்படி செய்திருப்பார்கள். விகோ அதைக் கடைசியில் காட்டுகிறார். விதி என்று ஒன்று இருந்ததையே அந்தப் பிள்ளைகள் அறியாதிருந்த ஆனந்தத்தில் நம்மையும் பங்கு கொள்ளச் செய்துவிட்டு, பிறகுதான் பெரியவர்களின் உலகம் வாசலில் காத்திருப்பதை நினைவூட்டுகிறார். ஆனந்தம் முதலில், சட்டம் பின்னால் என்ற இந்த வரிசை படம் நெடுகிலும் தொடர்கிறது.

அடுத்தபடியாக, பெரியவர்களின் உருவங்கள். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் மிகக் குள்ளமானவர். தெல்ஃபேன் என்ற நடிகர் அந்த வேஷத்தைத் தாங்குகிறார். கருந்தாடியும் வட்டத் தொப்பியும் கீச்சுக் குரலுமாக அவர் பிரவேசிக்கும்போது, மேற்பார்வையாளர்கள் பயபக்தியுடன் வணங்குகிறார்கள். தம் அறைக்குள் நுழைந்ததும் அவர் தொப்பியைக் கழற்றி, கணப்பின் மேலுள்ள மாடத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்க முயல்கிறார். அந்த மாடம் அவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. உருவத்தைக் கண்டு சிரிப்பதற்காக இயற்றப்பட்ட காட்சி என்று இதை எண்ணிவிடுதல் கூடாது. அதிகாரம் தனக்குத் தானே அமைத்துக்கொண்ட பீடம் தனக்கே எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பதை ஒரு வார்த்தையும் இல்லாமல் அந்தத் தொப்பி சொல்லிவிடுகிறது. மேற்பார்வையாளர்களில் ஒருவர் பையன்கள் வெளியே போன சமயம் பார்த்து அவர்களுடைய மேஜைகளைத் திறந்து தின்பண்டங்களைத் திருடுகிறார். ஆண்டு வைபவத்தில் பிரமுகர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பவர்களோ உயிருள்ள மனிதர்களே அல்லர். துணியில் அடைத்த பொம்மைகள். யதார்த்தத்துக்கு இது பொருந்துமா என்று கேட்கிறவர், எட்டு வயதில் பள்ளி விழாவின் முன்வரிசைகள் தமக்கு எப்படித் தோன்றின என்று நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பெரியவர்களில் ஒருவர் மட்டும் இந்தக் கணக்கில் சேராதவர். ரயிலில் ‘செத்துப்போன’ அதே மனிதர்; உய்கே என்று பெயர்; பள்ளிக்குப் புதிதாக வந்த மேற்பார்வையாளர். ழான் தாஸ்தே என்ற நடிகர் இந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கும் இலகுத்தன்மை அபூர்வமானது. விளையாட்டு மைதானத்தில் சாப்ளினைப்போல் நடந்து காட்டுகிறார். வகுப்பில் மேஜைமேல் தலைகீழாக நின்றுகொண்டே ஒரு கேலிச்சித்திரம் வரைகிறார். அந்தச் சித்திரம் தானே அசைந்து, உருமாறி, நெப்போலியனாகிவிடுகிறது! இதுவரை சுவரும் மேஜையும் மனிதர்களுமாக இருந்த படம் திடீரென்று கார்ட்டூனாக மாறுவதைக் கண்டு திகைக்க வேண்டாம். பிள்ளைகளைப் புரிந்துகொண்ட ஒரு பெரியவர் வரைந்த சித்திரத்தைப் பிள்ளைகள் பார்க்கும்போது அது அசையாமல் இருக்குமா? ஊருக்குள் பையன்களை வரிசையாக அழைத்துக்கொண்டு போகும் உலாவில், அவர் ஏதோ கனவில் ஒரு தெருவில் திரும்ப, பையன்கள் வேறொரு தெருவில் திரும்பிவிடுவதும், யாரையும் யாரும் தேடாமல் பிறகு எல்லோரும் ஒன்றுசேர்வதும் இந்தப் படத்தின் மிக இனிய பகுதிகளில் ஒன்று. பிற்காலத்தில் பிரான்ஸுவா த்ரூஃபோ தம்முடைய ‘400 அடிகள்’ படத்தில், உடற்பயிற்சி ஆசிரியரின் பின்னால் ஓடும் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ளும் காட்சியை அமைத்து இதற்கு மரியாதை செய்தார்.

காட்சிக்குக் காட்சி தொடர்பு அறுந்து நிற்பதும், யார் எப்போது எங்கே வந்தார்கள் என்பது விளங்காமற்போவதும் முதன்முறை பார்ப்பவரைச் சோதிக்கும். இதற்கு லௌகிகமான காரணமும் உண்டு. ஸ்டூடியோவில் கிடைத்த நாட்கள் மிகக் குறைவு. ஒப்பந்தப்படி படத்தின் நீளமும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. விகோவுக்கோ படப்பிடிப்பின்போதே உடல்நலம் சரியில்லை. எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, கதையை இணைக்கும் துண்டுகளை விட்டுவிட்டு, தமக்குப் பிரியமான கணங்களை வைத்துக்கொண்டார். இந்தத் தேர்வைச் செய்ய அவருக்கு இருந்த தைரியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பால்ய நினைவு என்பது காரண காரியத் தொடர்ச்சியுடனா நம்மிடம் தங்கியிருக்கிறது? தண்டனையாகக் கட்டிலின் காலடியில் நின்ற ஓர் இரவும், கண்ணைக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மனத்தில் நிலைத்திருக்க, அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தவை அழிந்துபோகின்றன. படமும் அப்படியே அமைந்துவிட்டது.

ஒலிப்பதிவு மோசமானது, பையன்களின் பேச்சு பிரெஞ்சு அறிந்தவர்களுக்கே பல இடங்களில் பிடிபடாது. ஆகவே திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளிலேயே கண்ணை ஊன்றியிருக்க அவசியமில்லை. காதைக் கொடுக்க வேண்டியது மொரீஸ் ழோபேரின் சங்கீதத்துக்கு. அதிலும் முக்கியமாகக் கலகம் நடக்கும் இரவுக்கு.

அந்த இரவில் தபார் பிரகடனத்தை வாசிக்கிறான், கபாலக் கொடி உயர்கிறது, தலையணைகள் கிழிகின்றன, விடுதியின் நீண்ட கூடம் முழுவதும் இறகுகள் பறக்கின்றன. கூச்சலும் குதிப்புமாக நடக்கும் இந்த அமளி சட்டென்று வேகம் குறைந்து, கனவின் கதிக்கு மாறுகிறது. ஒரு பையன் பின்புறமாகக் கரணமடித்து நாற்காலியில் வந்து அமர்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு, நீண்ட இரவு அங்கிகள் அணிந்த பிள்ளைகள், பனிபோல் இறங்கும் இறகுகளுக்கு நடுவே ஊர்வலமாக நம்மை நோக்கி வருகிறார்கள். ஒரு சமயச் சடங்கின் கம்பீரமும் குறும்பின் குதூகலமும் ஒரே காட்சியில் இப்படிக் கலந்து நான் வேறெங்கும் கண்டதில்லை. இதனுடன் ஒலிக்கும் இசை ஏதோ விசித்திரமாக இருப்பதைப் பலரும் உணர்வார்கள், காரணம் இது. ழோபேர் தாம் இயற்றிய மெட்டை ஸ்வரங்களின் வரிசையைத் தலைகீழாக்கி எழுதி, வாத்தியக்காரர்களை அப்படியே வாசிக்கச் செய்து பதிவு செய்துகொண்டு, பிறகு அந்தப் பதிவைப் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டார். மெட்டு பழைய வரிசைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாதமும் தலைகீழாகவே நின்றது. வீணையில் தந்தியை மீட்டினால் ஒலி உரக்கப் பிறந்து மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகிறதல்லவா? இங்கே ஒலி இன்மையிலிருந்து மெல்ல ஊறிப் பெருகி, உச்சத்தில் சட்டென்று அற்றுப்போகிறது. மூச்சை உள்ளே இழுப்பதுபோன்ற இந்த நாதத்துக்கும் மெதுவாக மிதக்கும் பிள்ளைகளின் அசைவுக்கும் உள்ள பொருத்தத்தை அனுபவிக்க, அந்த இரண்டு நிமிஷங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு, மறுமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நல்ல வழி. காமிராவை இயக்கியவர் போரிஸ் காஃப்மன். ருஷ்யத் திரைமேதை ஸீகா வெர்தோவின் சகோதரர். பின்னாளில் அமெரிக்கா சென்று ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ படத்துக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர்.

இவ்வளவு கோலாகலத்தின் நடுவே ஒரு சிறு கணத்தைப் பலரும் தவறவிட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மறுபடியும் அவரைக்கொட்டையே பரிமாறப்படுகிறது. பையன்கள் கொதித்தெழுந்து, சமையற்காரியின் பெயரைச் சொல்லிக் கத்தி, தட்டிலிருப்பதை வாரி இறைக்கிறார்கள். அந்தச் சமையற்காரி கொலேனின் தாய். அவன் முகம் வாடுவதைக் கண்டதும் கூச்சல் அடங்கிவிடுகிறது. எந்த ஆசிரியரும் சொல்லித் தராத இங்கிதம் அந்தக் கலகக்காரர்களிடம் இருக்கிறது. அதை உபதேசமாக்காமல் விகோ கடந்துபோகிறார்.

விகோவின் ஜீவிய சரித்திரத்தைப் படம் பார்த்த பிறகு அறிந்துகொள்வதே சிறந்தது என்பது என் அபிப்பிராயம்; முன்னதாக அறிந்தால் சிரிப்பு அடைபட்டுவிடும். அவர் 1905-இல் பிறந்தவர். தந்தை மிகேல் அல்மெரைதா என்ற புனைபெயரில் எழுதிய அராஜகவாதப் பத்திரிகையாளர். 1917-இல் ஃப்ரேன் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தந்தையின் பெயர் வெளியே தெரியாதபடி வேறு பெயருடன் விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். படத்தில், தன் கையைத் தொட்டுத் தடவும் ஆசிரியரைப் பார்த்துத் தபார் அச்சில் ஏற்றத்தகாத ஒரு சொல்லைச் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கும்படி எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தப்பட்டபோது அதே சொல்லை இன்னும் உரக்கச் சொல்கிறான். அது விகோவின் தந்தை தம் பத்திரிகையில் அரசாங்கத்தை நோக்கிக் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வசனம். இதை அறிந்து மறுமுறை பார்க்கும்போது, மெலிந்த உடலும் நீண்ட கூந்தலுமாக நிற்கும் அந்தப் பையனின் குரல் வேறு விதமாக நம்மைத் தாக்கும்.

1933 ஏப்ரலில் பாரிஸில் திரையிடப்பட்ட சில மாதங்களுக்குள் பிரெஞ்சுத் தணிக்கை இந்தப் படத்தைத் தடை செய்தது. உலக யுத்தம் முடிந்த பின்னர், 1945-இல்தான் அது மறுபடியும் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. அதைக் காண விகோ இல்லை. 1934 அக்டோபரில், 29-ஆம் வயதில், காசநோயால் மறைந்துவிட்டார். அவர் எடுத்தவை நான்கே படங்கள். நான்கையும் சேர்த்தாலும் மூன்று மணி நேரம் நிறையாது. இங்கிலாந்தில் லின்ட்ஸே ஆண்டர்ஸன் 1968-இல் எடுத்த ‘இஃப்’ படத்தின் முடிவில் மாணவர்கள் கூரைமேல் ஏறி நிற்பது இந்தக் கூரையை நினைந்துதான்.

நல்ல படங்களைத் தேடித் திரையிடும் திரைப்படச் சங்கத்தார், இதைப் பெரிய படத்துக்கு முன்னால் போடும் துணுக்காகக் கருதாமல், தனியே ஒரு மாலையை ஒதுக்கி, ஒரே அமர்வில் இருமுறை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு முறை காட்டினாலும் ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்களை அந்தக் கூட்டத்துக்கு அவசியம் அழைக்க வேண்டும்.