காவடியில் ஏறிய காதல்

காவடிச்சிந்தை வெறும் பக்திப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சரியாகக் கேட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில், ஊற்றுமலை ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துப் போகையில் வழிநடையில் பாடவென்று சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கட்டியது அது. அதில் பல, அசல் காதல் பாட்டுகள். முருகன்மேல் மையல்கொண்டவள் ஏங்குவாள், தோழியிடம் புலம்புவாள். மூன்று மூன்றாய் விழும் திஸ்ர நடை, தோளில் காவடி குலுங்குவதற்கென்றே அளவெடுத்தது.

பிற்பாடு கச்சேரி மேடை இதைத் துக்கடாவாக எடுத்துக்கொண்டது. செஞ்சுருட்டி ராகம் தொடங்கினால் சபாவில் தொடை தட்டாத கை ஏது? சினிமாவும் விடவில்லை.

எனக்கென்னவோ ஆடிக் கிருத்திகையில், திருத்தணியின் 365 படிகளில், பம்பைச் சத்தத்துக்கு நடுவே கேட்பதுதான் ருசி. வள்ளியைக் காதலித்துக் கைப்பிடித்தவன் மலையாயிற்றே! சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்களும் அந்தத் தாளத்துக்குத்தான் ஆடுகிறார்கள்.